பள்ளத்தின் மேல் விரித்த புல்

அப்பு,

உன் மகள் நம் வீட்டு வாசலில் கால் வைப்பதற்குள் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான் கூரியரில் அனுப்புகிறேன். போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பாய். சொல்ல மாட்டேன் என்று உன் அம்மாவுக்குத் தெரியும். "போன்ல பேசுனா, சாப்டியா, அங்க மழையான்னு கேட்டுட்டு வச்சிருவீங்க. உக்காந்து எழுதுங்க" என்று தாளையும் பேனாவையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். பரீட்சை ஹாலில் வாத்தியார் உட்கார்ந்திருப்பது போலத்தான் இருக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் வயசாகிவிட்டது என்று நினைக்காதே. பயம். பெற்ற பிள்ளைக்கு இப்படிப் பயப்படுவேன் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

அந்தப் புல் நீ ஆசைப்பட்டுப் போட்டது. வீடு கட்டும்போதே, "முன்னாடி சிமெண்டு வேணாம்பா, புல்லுதான். பாப்பா வெறுங்காலோட நடக்கணும்" என்றாய். பாப்பாவுக்கு அப்போது கழுத்துகூட நிற்கவில்லை. சித்தையன்கோட்டையிலிருந்து லூர்து வந்தாள். புல் போடுவதில் இந்தப் பக்கத்தில் அவளுக்கு நல்ல பேர். வத்தலக்குண்டு நர்சரியிலிருந்து புல்லைப் பாய் பாயாகக் கொண்டுவந்து இறக்கி, இரண்டே நாளில் விரித்துவிட்டுப் போனாள். ஐப்பசி மழையில் அது நின்ற நிற்பை நீ வீடியோ காலில் பார்த்து, மருமகளைக் கூப்பிட்டுக் காட்டினாய். மாசியில் நுனி கருகியது. பங்குனி பிறக்கும்போது நடுவில் முழுக்கப் பழுப்பு. "தண்ணி ஊத்துறீங்களா இல்லையாப்பா?" என்று கேட்டாய். "மறந்துபோச்சுப்பா. இப்பல்லாம் ஞாபகமே நிக்க மாட்டேங்குது" என்றேன். அது பொய். காலையும் மாலையும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்லோடுதான் நின்றேன். ஒரு நாள்கூட மறக்கவில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று சொல்கிறேன். நம் மனை இருக்கிற இடம் முன்பு ஒரு பள்ளம். நான் தோல் பதனிடுகிற ஷாப்பில் சூப்பர்வைசராக இருந்தபோது வாங்கிப்போட்டேன். மழை பெய்தால் குளம் மாதிரி நிற்கும். யாரும் சீண்டாத இடம். அதை மேடாக்கக் கிராவல் மண் லோடு லோடாக அடிக்க வேண்டும். எங்கள் ஷாப்பிலோ தினமும் கழிவு மலை மாதிரி குவியும். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புத் தடவித்தான் வரும். அந்த உப்பை உதறிக் கூட்டினால் மூட்டை மூட்டையாக அழுக்கு உப்பு. குரோம் மருந்தில் ஊறி எடுத்த தோல் வெளிர்நீலமாகிவிடும். அதைச் சீவும்போது நீலச் சீவல் குவியும். எல்லாவற்றையும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று முதலாளி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நான்தான், "நம்ம பள்ளத்துல கொட்டச் சொல்லுங்கண்ணே" என்றேன். நாலு மாதம் லாரி வந்து போனது. மேலே ஒரு முழம் செம்மண்ணைப் பரப்பி மூடினேன். காசு செலவில்லாமல் பள்ளத்தை மேடாக்கிவிட்டான் கெட்டிக்காரன் என்று ஊரே சொன்னது. நானும் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அப்போது அது தப்பு என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்று எழுதுவதுகூட முழு உண்மையில்லை. குரோம் டிரம்மில் வேலை பார்த்தவர்களுக்கு விரல் இடுக்கில் குழி குழியாகப் புண் வரும். அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அது டிரம்முக்குள் கை விடுகிறவனுக்கு வருவது, மண்ணுக்குள் போனால் மண்ணோடு மண்ணாகிவிடும் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன்.

உனக்கு அப்போது நாலு வயது. லாரி பார்க்க வேண்டும் என்று அடம் பிடிப்பாய், சைக்கிள் கம்பியில் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன். ஒரு நாள் நான் டிரைவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினால், நீ அந்தக் குவியலின் உச்சியில் நிற்கிறாய். இரண்டு கையிலும் நீலச் சீவல். "அப்பா, ரிப்பன்!" என்று கத்தினாய். நான் சிரித்தேன். உன்னை இறக்கிக் கையைத் தட்டிவிட்டு, கடைக்குக் கூட்டிப்போய்க் கமர்கட் வாங்கிக் கொடுத்தேன். கையைக் கழுவிவிடவில்லை. அந்தக் கோடையில் உன் பாதம் முழுக்கக் கொப்புளம் வந்தது. அம்மா வேப்பிலை அரைத்துப் போட்டாள், ஆறிவிட்டது. அது வேர்க்குருவோ, அந்தக் குவியலோ, எனக்குத் தெரியாது. முப்பது வருடம் அதை நான் நினைத்ததே இல்லை. இப்போது தினமும் நினைக்கிறேன்.

ஷாப்பை மூடிய பிறகு மனையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. அதற்கு உப்பும் ஒன்றுதான், சர்க்கரையும் ஒன்றுதான். பச்சையாக நின்றதால் நானும் நல்ல மண் என்று நம்பிக்கொண்டேன், நம்ப வசதியாகவும் இருந்தது. நீ வீடு கட்டுகிறேன் என்றதும் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். "வேற இடம் பாரு" என்று ஒரு வார்த்தை. உன் கண்ணில் அம்புட்டு சந்தோஷம் இருந்தது, அப்பு. அப்பா வாங்கிப்போட்ட மனையில் வீடு என்று நீ நாலு பேரிடம் சொன்னாய். அதைக் கேட்கக் கேட்க என் வாய் ஒட்டிக்கொண்டது.

பங்குனியில் லூர்தை மறுபடி வரச் சொன்னேன். வந்து உட்கார்ந்து புல்லை இழுத்துப் பார்த்தாள். தரையில் பிடிப்பே இல்லாமல் பாயாகவே கையோடு வந்தது. "பாயோட வந்த மண்ணு வரைக்கும் வேரு ஓடியிருக்கு, கீழ எறங்க மாட்டேங்குது பாருங்கய்யா" என்றாள். கடப்பாரையால் ஒரு குழி போட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலம் வரை அது அப்படியே நின்றது. குழியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் தொட்டு, உப்பா என்று பார்க்க நாக்குக்குக் கொண்டுபோனாள். தோட்ட வேலை செய்கிறவர்கள் எல்லாரும் செய்வதுதான். நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஏய்!" என்று கத்தி அவள் கையைத் தட்டிவிட்டேன். ஒரு பொம்பளையின் கையை அப்படித் தட்டிவிட்டது எனக்கே திக்கென்றது. அவள் கோபப்படவில்லை. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மண்வெட்டியை எடுத்து இன்னும் ஒரு முழம் தோண்டினாள். நீலமாக ஒரு துணுக்கு மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டு வந்தது. முப்பது வருடம் மண்ணுக்குள் கிடந்தும் நிறம் போகவில்லை. "இது என்னன்னு உங்களுக்குத் தெரியும்ல?" என்றாள். தெரியும் என்று தலையாட்டினேன்.  அவள் குழியை மூடிவிட்டு, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுப் போனாள். கூலி வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போனேன். எட்டிப் பார்த்தேன். கீழே பழுப்பு ஒரு பக்கம் வளைந்து, அடுத்த வீட்டுக் கிணறு இருக்கிற மூலையில் மூக்கு மாதிரி நீண்டு, கேட்டுக்குப் பக்கத்தில் சட்டென்று முடிந்திருந்தது. அந்த வளைவு எனக்குத் தெரியும். நான் மூடிய பள்ளத்தின் கரை அது. எந்த இடத்தில் லாரி ரிவர்ஸ் எடுத்துக் கொட்டியது என்பதுவரை காய்ந்த புல்லிலேயே தெரிந்தது. பள்ளத்துக்கு வெளியே, கேட்டை ஒட்டி இருக்கிற பட்டையில் மட்டும் புல் பச்சைப்பசேல் என்று இருந்தது. 

இனி எழுதப் போவதுதான் எனக்கு ரொம்ப வெட்கமான விஷயம். மண் பரிசோதனை அட்டை ஒன்றைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினேனே, ஞாபகம் இருக்கிறதா? 'எல்லாம் நல்லாருக்கு' என்று போட்டிருந்தேன். நீ ஒரு இதயப் படம் அனுப்பினாய். அந்த மண் நம் வீட்டு மண்ணே இல்லை. பரிசோதனைக்கு மண் எடுக்கக் கிளம்பினேன், பை, சின்ன மண்வெட்டி எல்லாம் கையில் இருந்தது. வாசலில் குனிய முடியவில்லை. நேராகத் தெருக்கோடிப் பிள்ளையார் கோயில் நந்தவனத்துக்குப் போய், செவ்வரளிச் செடிக்குப் பக்கத்தில் அரைக் கிலோ மண்ணை அள்ளிக்கொண்டு வந்தேன். அட்டையில் இருக்கிற குணமெல்லாம் பிள்ளையாருடையது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிக் கதை கதையாகச் சொல்லித்தான் உன்னை வளர்த்தேன். நானே மறைத்தேன், அதுவும் சாமி சோற்றுக்குள்.

என் பொய் என்னையே வந்து பிடித்தது. ஞாபகமறதி என்று நான் சொன்னதை நீ பெரிதாக எடுத்துக்கொண்டாய். "அப்பாவ நம்பி எப்படிம்மா பாப்பாவ விட்டுட்டு வர்றது?" என்று நீ ஸ்பீக்கர் போனில் அம்மாவிடம் கேட்டது பக்கத்து அறையில் இருந்த என் காதில் விழுந்தது. மருமகள் வேலைக்குத் திரும்புவதற்காக, வைகாசியில் பழனியில் மொட்டை போட்டு முடித்ததும் குழந்தையை எங்களிடம் விடுவதாகத்தானே பேச்சு. அம்மா பயந்துபோய் என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் இன்றைக்கு என்ன கிழமை என்றார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார், கடிகாரம் வரையச் சொன்னார். வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்போது குழந்தையை விட மாட்டீர்கள், மண்ணைப் பற்றிப் பேச்சே வராது, எல்லாம் முடிந்துவிடும். ஆனால் கடிகாரத்தின் முள்ளைக் கோணலாகப் போட மனசு வரவில்லை. எல்லாவற்றையும் சரியாகச் சொல்லித் தொலைத்தேன். "ஐயாவுக்கு ஞாபகம் என்னவிட நல்லா இருக்கும்மா" என்று டாக்டர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. ஆட்டோவில் திரும்பும்போது பேகம்பூர் தாண்டியதும் கேட்டாள், "ஞாபகம் நல்லா இருக்கு. அப்ப புல்லு எதுக்குக் காஞ்சுச்சு?"

ஆட்டோவிலேயே சொன்னேன். எல்லாவற்றையும். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தான். அம்மா  வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, காய்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நமக்கென்ன, வர்றது வரட்டும். அது தவந்துக்கிட்டே கெடக்குற புள்ள. கையில கெடைச்சதெல்லாம் வாயில வைக்குது" என்றாள். அதோடு விடவில்லை. "உப்பைத் தின்னவன் தண்ணி குடிக்கணும். நீங்க தின்னுட்டு எம்பேத்தியக் குடிக்க வைப்பீங்களா?" என்றாள். கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவள் என்னை இப்படிக் கேட்டதில்லை.

மறுநாள் அவளே கூட நின்று பார்க்க, நம் வாசலில் நாலு இடத்தில் தோண்டி, உண்மையான மண்ணை எடுத்துக்கொண்டு போனேன். பரிசோதனை நிலையத்தில் இருந்த பெண்ணுக்கு என் முகம் ஞாபகம் இருந்தது. "போன மாசமும் நீங்கதானே சார் வந்தீங்க? அதே வீட்டு மண்ணா?" என்றாள். இல்லை என்றேன். நந்தவனக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். உப்பு அளந்து பார்த்துவிட்டு மறுபடியும் அளந்தாள். உப்பு மண்ணை எப்படித் திருத்துவது என்று பொறுமையாகச் சொன்னாள். ஜிப்சம் போட வேண்டும், நல்ல தண்ணீரை நிறுத்தி வடித்து உப்பைக் கீழே இறக்க வேண்டும், தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்குமுன் மடக்கி உழ வேண்டும், பிறகு மக்கிய ஆட்டெரு, அதற்குப் பிறகு அருகம்புல். என் மனசு கொஞ்சம் தெம்பானது. ஆறு மாதத்தில் பச்சையாக்கிவிடலாம், மகனுக்கு ஒன்றும் தெரிய வேண்டாம் என்று அந்த நேரத்திலும் புத்தி அங்கேதான் ஓடியது, பார்த்துக்கொள். அவள் பேனாவை மூடி வைத்தாள். "இதெல்லாம் உப்புக்குத்தான் சார். நீங்க சொல்ற குரோம் இருக்கா இல்லையான்னு இங்க பாக்க முடியாது, வேற லேபுக்கு அனுப்பணும். ஒண்ணு சொல்லவா? புல்லு காஞ்சதுக்கு வருத்தப்படாதீங்க. அது நல்லா வளந்திருந்தா நீங்க இங்க வந்தே இருக்க மாட்டீங்க." அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. புல் பச்சையாகவே இருந்திருந்தால் நீ வைகாசியில் குழந்தையைக் கொண்டுவந்து அதன் மேல் விட்டிருப்பாய். நான் பக்கத்தில் நின்று கைதட்டியிருப்பேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது. உப்பைத் தண்ணீர் விட்டுக் கீழே இறக்கினால், கூடவே எது எது இறங்கும்? இறங்கி எங்கே போகும்? மதிலுக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கிணறு, அதிலிருந்துதான் மல்லிகைத் தோட்டத்துக்குப் பாய்கிறது. அந்த வீட்டம்மாள் தினமும் ஒரு முழம் பூவை மதில் மேல் வைத்துவிட்டுப் போகிறாள், உன் அம்மா அதைத்தான் தலையில் வைத்துக்கொள்கிறாள். அதனால் ஹோஸைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டேன். நேற்று அவர்கள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "இம்புட்டு வருசமா ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.  இன்றைக்குக் காலையில் மதில் மேல் பூ இல்லை.

மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான்தான் கொட்டச் சொன்னேன் என்று என் பேரைப் போட்டே கொடுத்தேன். மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் பெரிய லேபுக்குப் போயிருக்கின்றன. அது வந்த பிறகு, தோண்டி எடுக்கச் சொன்னால் தோண்டி எடுப்போம். கண்ட இடத்தில் கொட்ட முடியாது, அவர்கள் சொல்கிற இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். இன்னொருவன் பள்ளத்தை மூட அது போகக் கூடாது. பிறகு நல்ல மண்ணாகப் பார்த்துப் போட்டு, எரு கலந்து, முதலிலிருந்து தொடங்கலாம். லூர்து வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கேட்டை ஒட்டிய பட்டையில் மட்டும் அவள் சொன்னபடி மண்ணைக் கிளறி ஆட்டெரு போட்டேன். அருகு தானாகவே ஏறி வந்திருக்கிறது. சின்ன வயதில் வயலில் அதைப் பிடுங்கிப் பிடுங்கிக் கை காய்த்துப்போனவன் நான். இப்போது காலையில் எழுந்ததும் அது எத்தனை விரல்கடை நகர்ந்திருக்கிறது என்று குனிந்து பார்க்கிறேன். பார்த்துவிட்டு உடனே பயப்படுகிறேன். பச்சையாக இருக்கிறது என்பதற்காக எதையும் இனி நான் நம்புவதாக இல்லை. நீயும் நம்பாதே. யார் எந்த இடத்தைக் காட்டினாலும், இதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று முதலில் கேள். காட்டுவது உன் அப்பனாக இருந்தாலும் கேள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான் உட்கார்ந்தேன். அதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நீ கோபப்படு. கத்து. நாலு நாள் பேசாமல் இரு. ஆனால் உன் பாதத்தை ஒரு தோல் டாக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு பேசாமல் இரு. இந்த விஷயத்தில் மட்டும் என் பேச்சைக் கேள்.

அப்பு, குழந்தையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வராதே. லேப் ரிசல்ட் வரும்வரை வேண்டாம், அது எத்தனை மாதம் ஆனாலும் சரி. மருமகளிடம் நான் எழுதியதை அப்படியே படித்துக் காட்டு. பெங்களூரிலிருந்து நேராகப் பழனிக்குப் போய்விடுங்கள். அடிவாரத்தில் லாட்ஜ் பார்த்துவிட்டேன். நானும் அம்மாவும் பஸ்ஸில் வந்துவிடுகிறோம். உன் மகளுக்காக வாங்கி வைத்திருக்கிற கொலுசை அம்மா கொண்டுவருவாள். நம் வீட்டு வாசலில் மிதித்த செருப்பை அங்கே கொண்டுவர மாட்டோம், புதுச் செருப்பு வாங்கிக்கொள்கிறோம்.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது வேலை முடிந்து வருவேன். தோல் நாற்றம் தாங்காமல் என்னிடம் வர மாட்டேன் என்று அம்மாவின் சேலைக்குள் போய் ஒளிந்துகொள்வாய். கொல்லையில் நாலு வாளி ஊற்றிக் குளித்து, தலை துவட்டி, வேட்டி மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் உன்னைத் தூக்குவேன். நாற்றம் போனால் போதும் என்று நினைத்தேன், அப்பு. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பழனியில் என்னைப் பார்த்ததும் குழந்தையை நீட்டிவிடாதே. முதலில் குளியலறை எங்கே இருக்கிறது என்று காட்டு.

உன் அப்பா